டிம்மில் எரிந்து பிரைட்டில் அணையும் ஸ்பாட்லைட்

சேற்றுச்சக்கரம்:

வணக்கம். வயரிங்கில் நான் கத்துக்குட்டி, கேள்வி கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ், ஜப்பான் தயாரிப்பு. ஹெட்லைட் சாதாரண எச்4 பல்பு. இரவில் மண்பாதையில் போகும்போது அந்த வெளிச்சம் போதவில்லை என்று முன் பம்பர் கம்பியில் 100 வாட் ஹாலோஜன் ஸ்பாட்லைட் இரண்டை நானே மாட்டினேன். லைட்டோடு ஒரு வயரிங் செட்டும் வந்தது, நாலு பின் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைச் சேர்த்துவிடும் காந்த சுவிட்ச்), 20 ஆம்பியர் பியூஸ், சுவிட்ச் எல்லாம் அதிலேயே இருந்தன. ரிலேயில் 30, 87 இரண்டும் உள்ளே சேர்ந்து பிரியும் முனைகள், 85, 86 இரண்டும் அவற்றை இழுத்துச் சேர்க்கும் காயிலின் (காந்தச் சுருள்) முனைகள். செட்டில் போட்டிருந்த படத்தைப் பார்த்து அப்படியே கொடுத்தேன். 30 பேட்டரி பிளஸ்ஸுக்கு, 87 லைட்டுக்கு, 86 ஹெட்லைட்டின் பிரைட் வயருக்கு, 85 உள்ளே சுவிட்ச் வழியாக எர்த்துக்கு (வண்டி உடம்பு, அதாவது பேட்டரி மைனஸ்).

இப்போது நடப்பது என்னவென்றால், டிம்மில் ஓட்டும்போது ஸ்பாட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிகின்றன, பிரைட் போட்ட அந்த நொடியே அணைந்துவிடுகின்றன. அப்படியே தலைகீழ். ரிலேவை மாற்றிப் பார்த்தேன், 85, 86 இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

இன்னும் இரண்டு தொல்லை. இருபது நிமிடம் எரிந்தால் பியூஸ் ஹோல்டரைத் தொட முடியவில்லை, ஒரு ஓரம் உருகியே போயிருக்கிறது, ஆனால் பியூஸ் போகவில்லை. 30 ஆம்பியர் பியூஸ் போட்டால் சூடு குறையுமா? அடுத்து, பாதை வரிவரியாக இருந்தால் லைட் தலையாட்டுகிறது, பத்து கிலோமீட்டர் போவதற்குள் வெளிச்சம் மர உச்சிக்குப் போய்விடுகிறது. பேசாமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மேற்கூரையில் எல்இடி பார் ஒன்று போட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

இரவோட்டி:

87க்குப் பதில் 87ஏ பின்னில் கொடுத்திருப்பீர்கள். 87ஏ என்பது ரிலே சும்மா இருக்கும்போது 30ஓடு சேர்ந்திருக்கும் முனை, ரிலே இழுத்தால் விட்டுவிடும். நானும் ஒரு தடவை இதே தப்பைச் செய்து பாதி ராத்திரி மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

சேற்றுச்சக்கரம்:

அண்ணா, ரிலேயில் நாலே பின்தான், 87ஏ கிடையாது. ஹெட்லைட்டை முழுதாக அணைத்தால் ஸ்பாட்லைட்டும் அணைகிறது. சுவிட்சை அணைத்தாலும் அணைகிறது. டிம் எரியும்போது மட்டும்தான் எரிகிறது.

பழையவயர்:

நீங்கள் இப்போது சொன்னதிலேயே விடை வந்துவிட்டது. 87ஏ கோளாறாக இருந்தால் ஹெட்லைட் அணைந்திருக்கும்போதும் ஸ்பாட்லைட் எரியும், சுவிட்சை அணைத்தாலும் எரியும். உங்கள் ரிலே சரியாகத்தான் இழுக்கிறது, ஆனால் தப்பான நேரத்தில் இழுக்கிறது. அது ரிலேயின் குற்றம் இல்லை, உங்கள் வயரிங்கின் குற்றமும் பெரிதாக இல்லை. உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்கு எர்த் பக்கம்தான் சுவிட்ச் ஆகிறது. செட்டில் வந்த படம் பிளஸ் பக்கம் சுவிட்ச் ஆகும் வண்டிக்காக வரைந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன், இது ஒரு தடவை புரிந்தால் அப்புறம் எந்த வண்டியிலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். எச்4 பல்பில் மூன்று முனை: டிம் இழைக்கு ஒன்று, பிரைட் இழைக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பல வண்டிகளில் அந்தப் பொது முனை எர்த். ஸ்டியரிங் பக்கத்துத் தண்டைத் தட்டினால் 12 வோல்ட் டிம் முனைக்கோ பிரைட் முனைக்கோ போகும். பழைய டொயோட்டா போன்ற சில ஜப்பானிய வண்டிகளில் இது நேர்மாறு. ஹெட்லைட் போட்டதும் பொது முனைக்கு 12 வோல்ட் வந்து நிற்கும், தண்டு எந்த இழையை எர்த்தோடு சேர்க்கிறதோ அது எரியும்.

இப்போது உங்கள் ரிலேயைப் பாருங்கள். டிம் எரியும்போது பிரைட் வயர் எங்கும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது, ஆனால் மறுமுனையில் பிரைட் இழை வழியாகப் பொது முனையின் 12 வோல்ட்டோடு தொடர்பு இருக்கிறது. குளிர்ந்த இழையின் மின்தடை ஒரு ஓம்கூட வராது. உங்கள் ரிலே காயில் எடுப்பதோ 0.15, 0.2 ஆம்பியர். ஆக இழை வெறும் வயர் மாதிரி நடந்துகொண்டு மின்சாரத்தைக் காயிலுக்கு அனுப்பிவிடுகிறது, ரிலே இழுக்கிறது, ஸ்பாட்லைட் எரிகிறது. பிரைட் போட்டதும் அதே வயர் எர்த் ஆகிவிடுகிறது. காயிலின் இரண்டு பக்கமும் எர்த், ரிலே விட்டுவிடுகிறது. 85, 86 மாற்றினாலும் காயில் அதே காயில்தான், அதனால்தான் ஒன்றும் மாறவில்லை.

நான் சொல்கிறேன் என்று நம்பி வயரை வெட்டாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். இரண்டு பக்க எச்4 பிளக்கையும் பல்பில் இருந்து கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மற்றப் பல்பின் இழை வழியாக மின்சாரம் சுற்றி வந்து மீட்டரைக் குழப்பும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் பிளக்கின் மூன்று ஓட்டையையும் தொட்டுப் பாருங்கள், முதலில் டிம், பிறகு பிரைட். 12 வோல்ட் ஓர் ஓட்டையில் இருந்து இன்னொன்றுக்கு இடம் மாறினால் பிளஸ் சுவிட்ச். டிம், பிரைட் இரண்டிலும் ஒரே ஓட்டையில் 12 வோல்ட் அசையாமல் நின்றால் எர்த் சுவிட்ச், அந்த ஓட்டைதான் பொது முனை.

எர்த் சுவிட்ச் என்றால் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். 86ஐப் பொது முனை வயரோடு சேருங்கள். 85ல் இருந்து உள்ளே சுவிட்சுக்குப் போகும் வயர் இருக்கட்டும், சுவிட்சின் மறுபக்கம் எர்த்தில் இருக்கிறதே, அதைக் கழற்றி பிரைட் வயரோடு சேருங்கள். அதாவது காயிலை பிரைட் இழைக்கு இணையாகப் போடுகிறோம். இழை எப்போது எரிகிறதோ அப்போது மட்டும் காயிலுக்கு 12 வோல்ட் கிடைக்கும். இதில் ஒரு வசதி, பிளஸ் சுவிட்ச் வண்டியிலும் இதே இணைப்பு வேலை செய்யும். எனக்குத் தெரியாத வண்டி வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இப்படித்தான் கொடுப்பேன் (சரி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்).

கவனிக்க வேண்டியது இரண்டு. காயிலுக்குக் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே என்றால் பிளஸ் 86க்குத்தான் வர வேண்டும். நீங்கள் மாற்றிக் கொடுத்தும் இழுத்தது என்பதால் உங்களுடையதில் டயோடு இல்லை. அடுத்து, சுவிட்சுக்குள் குட்டி விளக்கு எரியும் மூன்று கால் சுவிட்ச் என்றால் அந்த விளக்கின் எர்த்துக்கும் இந்த இணைப்புக்கும் ஒத்துப்போகாது. சாதாரண இரண்டு கால் சுவிட்ச் போடுங்கள்.

இதெல்லாம் பல்பு வண்டிக்கு. ஹெட்லைட்டை கம்ப்யூட்டர் நடத்தும் புது வண்டியில் சிலதில் மின்சாரம் தொடர்ச்சியாக வராது, துண்டு துண்டாகத் துடித்து வரும். அதில் ரிலே காயிலை நேராகத் தொடுத்தால் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும், பல்பு போய்விட்டது என்று டாஷ்போர்டு வேறு கத்தும். அதற்கென்று தனி மாட்யூல் உண்டு, வயரை வெட்டுவது அங்கே வேண்டாத வேலை.

டெஸ்ட்லேம்ப்:

பழையவயர் அண்ணன் சொன்னதற்கு மேல் ரிலே பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நான் அந்த உருகின பியூஸ் ஹோல்டருக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

தம்பி, 30 ஆம்பியர் பியூஸ் போடவே போடாதீர்கள். பியூஸ் லைட்டைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்றத்தான். வயர் தாங்காத அளவுக்குப் பியூஸ் போட்டால் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது பியூஸ் நிற்கும், வயர் எரியும். அதுவும் பேட்டரிக்குப் பக்கத்தில்.

ஹோல்டர் உருகியும் பியூஸ் ஏன் போகவில்லை என்றால், பியூஸுக்குத் தெரிவது தன் வழியாக ஓடும் மின்சாரம் மட்டும்தான். 200 வாட்டை 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர், அது 20க்குள் இருக்கிறது. ஆனால் ஹோல்டரின் பிடி தளர்வாக இருந்து அங்கே 0.05 ஓம் மின்தடை இருந்தால் போதும், 17 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 14 வாட்டுக்கு மேல் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடின மாதிரி.

செட்டில் வந்த வயரின் முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமன் செம்பு வயரைவிட மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். சில தகரமுலாம் பூசிய நல்ல செம்பு வயரும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சுரண்டினால் செம்பு நிறம் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்னொரு தந்திரம், சில சுருளில் 4 மி.மீ. என்று எழுதியிருக்கும், அது ரப்பர் தோலோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 2 சதுர மி.மீ.கூடத் தேறாது. கேட்கும்போதே சதுர மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு. பேட்டரியில் இருந்து லைட் போய்த் திரும்ப 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 17 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.5 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மி.மீ. என்றால் 0.4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 1.5 வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஹாலோஜனில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் தடாலென்று விழும், இந்த 1.5 வோல்ட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி. லைட் வாங்கும்போது வாட்டைப் பார்க்கிறோம், அதில் பாதிக் கவனத்தை வயருக்குக் கொடுத்தால் போதும்.

என் யோசனை: பேட்டரி முதல் ரிலே வரை, ரிலே முதல் லைட் பிரியும் இடம் வரை, எர்த்துக்கும் சேர்த்து 4 சதுர மி.மீ. செம்பு. பியூஸ் 25 ஆம்பியர் (இந்தத் தடித்த வயர் அதைத் தாங்கும்), நல்ல தடித்த கால் வயரோடு வரும் மூடி போட்ட ஹோல்டர், பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு சாணுக்குள். அந்த ஒரு சாண் வயருக்குத்தான் எந்தக் காவலும் கிடையாது, அதனால் அது எதிலும் உரசாமல் இருக்க வேண்டும். ரிலேவை முனைகள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், தண்ணீர் உள்ளே தேங்காது. காயிலுக்குப் போகும் வயர் மட்டும் 1 சதுர மி.மீ. போதும்.

முடிந்ததும் இன்ஜின் ஓட, லைட் எரிய, மீட்டரை பேட்டரி பிளஸ்ஸுக்கும் லைட்டின் பிளஸ்ஸுக்கும் நடுவே வையுங்கள். காட்டுவது வழியில் தொலையும் வோல்ட். அதேபோல் பேட்டரி மைனஸுக்கும் லைட் எர்த்துக்கும் நடுவே. எந்தப் பக்கமானாலும் 0.3ஐத் தாண்டினால் எங்கோ பிடி சரியில்லை. நான் பார்த்தவரை பாதிக்கு மேல் எர்த் பக்கம்தான் அது இருக்கும்.

அப்புறம் ஒன்று, இணைப்பு எல்லாவற்றையும் சால்டர் செய்துவிடுங்கள், நிம்மதி.

பழையவயர்:

கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. குலுங்கும் வண்டியில் வெறும் சால்டரை நான் போடுவதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை ஒரே கம்பியாக்கிவிடுகிறது, அது முடிகிற இடத்தில் வயர் மடிந்து மடிந்து அறுந்துபோகும். தோலுக்குள் அறுந்தால் வெளியே தெரியவும் தெரியாது. சரியான கிரிம்ப் பிளையரால் அழுத்திய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை), மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்), பிறகு கைநீளத்துக்கு ஒரு கேபிள் டை, இதுதான் என் பழக்கம். வயர் மேலேயே கடித்துக்கொள்ளும் அந்த நீலக் கிளிப் மட்டும் வேண்டவே வேண்டாம்.

டெஸ்ட்லேம்ப்:

சால்டர் போட்டு, இரண்டு பக்கமும் வயர் அசையாமல் கட்டினால் ஒன்றும் ஆகாது. என் வண்டியில் பல வருடமாக நிற்கிறது. ஆனால் கட்டாமல் விட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். புதிதாகச் செய்பவருக்கு கிரிம்ப் சுலபம், சரி.

இரவோட்டி:

87ஏ விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். தலையாட்டும் லைட்டுக்காவது உருப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் லைட் ஒரு குச்சியின் நுனியில் நிற்கும் தேங்காய் மாதிரி, எத்தனை முறுக்கினாலும் ஆடும். பம்பர் கம்பி மெல்லிய குழாய் என்றால் லைட்டோடு சேர்ந்து கம்பியும் ஆடும். கம்பியில் பிராக்கெட் உட்காரும் இடத்துக்குப் பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து இறுக்குங்கள், நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள். பிறகு லைட்டின் மேல் பக்கத்தில் இருந்து கம்பிக்கோ கிரில்லுக்கோ ஒரு மெல்லிய தாங்கு கம்பி, அதற்கென்றே துளை உள்ள லைட்டுகளும் உண்டு. ஒரு போல்ட்டும் ஒரு தாங்கலும் சேர்ந்தால் முக்கோணம், அப்புறம் ஆடாது. ஆட்டம் நின்றால் பல்பு இழையும் நீண்ட நாள் நிற்கும்.

குறி வைப்பது ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான். சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள், வழக்கமாக ஏற்றும் சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில். பின்னால் சுமை ஏறினால் மூக்கு தூக்கும், வெறும் வண்டியில் வைத்த குறி காட்டில் பறவைக்குத்தான் உதவும். லைட்டின் நடு தரையில் இருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டி, ஒரு லைட்டைத் துணியால் மூடி (ஹாலோஜன் கொதிக்கும், சீக்கிரம் எடுத்துவிடுங்கள்) மற்றதின் நடுவெளிச்சம் டேப்பிலோ ஒரு விரற்கடை கீழேயோ விழுகிற மாதிரி வையுங்கள். சிலர் ரோடு நன்றாகத் தெரியட்டும் என்று கீழே இறக்கிவிடுவார்கள். பக்கத்துத் தரை பளபளவென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், தூரத்தில் நிற்கும் மாடு கறுப்புக்குள் கறுப்பாகப் போய்விடும். அருகே டிம்மும் பிரைட்டும் பார்த்துக்கொள்ளும், ஸ்பாட்லைட் தூரத்துக்கு மட்டும்.

மேற்கூரை எல்இடி பார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் போட்டுக் கழற்றியவன். வெளிச்சம் பானட்டில் பட்டு நேராக முகத்தில் அடிக்கிறது, தூசியோ பனியோ இருந்தால் கண்ணுக்கும் பாதைக்கும் நடுவே வெள்ளைத் திரை விழுந்த மாதிரி. காற்று வேறு அதில் புகுந்து விசில் அடிக்கும். கீழே பம்பரில் எல்இடி போட்டால் நல்லதுதான், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் மிகக் குறைவு. ரேடியோ வைத்திருந்தால் மட்டும் சில மலிவு எல்இடிகள் அதில் இரைச்சல் போடும்.

லைட் பெட்டியில் 1000 மீட்டர் என்று போட்டிருந்தால் அது எத்தனை லக்ஸில் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று பாருங்கள். 0.25 லக்ஸில் என்றால் அது முழுநிலா வெளிச்சம் அளவுக்குத்தான். அதே லைட் 1 லக்ஸில் பாதித் தூரம், 500 மீட்டர். ஒரு பெட்டியை 0.25லும் இன்னொன்றை 1லும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

சேற்றுச்சக்கரம்:

அண்ணன்மாரே, ஞாயிற்றுக்கிழமை முழுக்க பானட்டுக்குள்தான் இருந்தேன்.

இரண்டு பிளக்கையும் கழற்றி மீட்டர் வைத்தேன். டிம், பிரைட் இரண்டிலும் ஒரே ஓட்டையில் 12.4, அசையவே இல்லை. பழையவயர் அண்ணன் சொன்னபடி 86ஐப் பொது முனையிலும் சுவிட்சின் மறுபக்கத்தை பிரைட் வயரிலும் கொடுத்தேன். பேய் போய்விட்டது.

வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தூக்கிப் போட்டுவிட்டு 4 சதுர மி.மீ. இழுத்தேன், ஹோல்டரும் புதுசு, பியூஸ் 25. எல்லாம் முடிந்து அளந்தால் பிளஸ் பக்கம் 0.2, எர்த் பக்கம் 0.9! டெஸ்ட்லேம்ப் அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்து எர்த் லக்கைக் கழற்றிப் பார்த்தேன், பம்பர் கம்பியின் கறுப்புப் பெயின்ட் மேலேயே முறுக்கி வைத்திருக்கிறேன். போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை நாள் மின்சாரம் போயிருக்கிறது போல. எர்த்தைச் சேசிஸ் வரை தனி வயராக இழுத்து, அங்கே இரும்பு தெரியும்வரை தேய்த்து, மேலே கிரீஸ் தடவி முறுக்கினேன், 0.15க்கு வந்துவிட்டது. வெளிச்சம் மஞ்சளாக இருந்தது இப்போது வெள்ளையாகவே தெரிகிறது. ஹோல்டர் அரை மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்புதான்.

தாங்கு கம்பி இன்னும் போடவில்லை. ஒரே ஒரு சந்தேகம், முந்துவதற்கு பாஸ் லைட் அடித்தால் ஸ்பாட்லைட்டும் சேர்ந்து அடிக்கிறது. இது கோளாறா?

பழையவயர்:

கோளாறு இல்லை. பாஸ் அடிக்கும்போதும் எரிவது அதே பிரைட் இழைதான், காயில் அதோடு சேர்ந்தே போகும். ஆனால் முன்னால் போகிறவரின் கண்ணாடியில் 200 வாட் அடிப்பது நன்றாக இருக்காது, தார் ரோட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள், லைட் மேல் மூடியும் போட்டுவிடுங்கள். தாங்கு கம்பி போட்ட பிறகு குறி வைத்த படத்தைப் போடுங்கள், டேப்பும் தெரிகிற மாதிரி.